தொழிலைக் கேட்ட மருத்துவர் ராமசினி

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்லும் நம்மில் பலருக்கு வழியில் வரும் நிலையங்களின் பெயர்கள் மனப்பாடம். ஆனால் அப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. தாம்பரத்தை அடுத்து வருவது சானடோரியம். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சவுரிமுத்து அவர்கள் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவ இல்லம் அந்நிலையத்துக்குப் பெயர் தந்தது. அதற்கடுத்தது குரோம்பேட்டை. குரோமிய உப்பால் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் அந்த ஊர் அப்பெயர் பெற்றது. அதற்கடுத்தது பல்லாவரம். 1863-ஆம் ஆண்டில் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் பழைய கற்கால மனிதன் செதுக்கிய கல் கருவியை அங்கேதான் கண்டெடுத்தார். கற்கால மனிதன் தொடங்கிய கல் வேலையை அண்மைக் காலம் வரை பல்லாவரத்துக் குன்றுகளில் மனிதர்கள் செய்துகொண்டே இருந்தனர்.

கல், தோல், நெஞ்சக மருத்துவமனை ஆகிய மூன்றும் ஒரே இருப்புப் பாதையில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அவ்வாறு அமைந்தது தற்செயலே. எனினும், மனிதன் செய்யும் தொழிலுக்கும் அவனுக்கு வரும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பாடநூலும் நமக்குக் காட்ட முடியாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். பிற்காலத்தில் பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குவார். இரவெல்லாம் இருமுவார். பீடி பிடித்த பாவம் என்றனர் சிலர். அவர் பீடியைத் தொட்டவரே அல்லர். தலையெழுத்து என்றனர் வேறு சிலர். அவர் கடைசிவரை கையில் வைத்திருந்த மருந்துச் சீட்டுகளில் பெயர் இருந்தது, வயது இருந்தது, எடை இருந்தது. தொழில் என்ன என்பது மட்டும் ஒரு சீட்டிலும் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பது மருத்துவனின் கடமை என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகுக்கு உணர்த்தியவர் ஒருவர் உண்டு. தொழில் மருத்துவத்தின் தந்தை என்று மருத்துவ உலகம் போற்றும் பெர்னார்டினோ ராமசினியே அவர். அன்னாரின் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

வட இத்தாலியில் மோடெனா நகருக்கு அருகில் கார்ப்பி என்ற சிற்றூர் உள்ளது. ராமசினி அங்கு 1633-ஆம் ஆண்டு பிறந்தார். நம் நாட்டில் அது ஷாஜகான் ஆண்ட காலம். சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கட்டுவதற்கு இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. சொந்த ஊரில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்ற அவர், பின்னர் பார்மா பல்கலைக்கழகத்தில் முதலில் தத்துவமும் அடுத்து மருத்துவமும் கற்றார். 1659-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற இளைஞர் ரோம் நகருக்குச் சென்று மேலும் பயிற்சி பெற்றார். பிறகு அந்நகருக்கு வடக்கே உள்ள கிராமப்புறங்களில் மருத்துவராகப் பணியாற்றினார். அவை மலேரியா மலிந்த பகுதிகள். நோய் தீர்க்கச் சென்றவரை நோயே பற்றிக்கொண்டது. உடல் நலிந்து ஊர் திரும்பினார். மருத்துவரின் வேலையே மருத்துவரைப் படுக்கையில் தள்ளும் என்பதை அவர் தம் உடம்பாலேயே கற்றார் எனலாம்.

உடல் தேறியதும் திருமணம் செய்துகொண்டு கார்ப்பியில் சில ஆண்டுகள் மருத்துவம் பார்த்தார். 1671-ஆம் ஆண்டு மோடெனா நகரில் குடியேறினார். அந்நகரின் பல்கலைக்கழகம் 1682-ஆம் ஆண்டு புத்துயிர் பெற்றபோது மருத்துவப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. அங்கே அவர் பாடம் நடத்துவதோடு நின்றுவிடவில்லை. 1690-ஆம் ஆண்டையொட்டி அப்பகுதி உழவர்களிடையே பரவிய காய்ச்சலை வானிலையோடும் பயிர் நிலையோடும் இணைத்து ஆராய்ந்து எழுதினார். மோடெனா நகரின் ஊற்றுக் கிணறுகளில் நீர் பொங்கி வருவது எவ்வாறு என்று ஆராய்ந்து நூல் வெளியிட்டார். கண்ணால் காணாத எதையும் அவர் எளிதில் நம்பியவர் அல்லர்.

ஒரு மலக்குழியும் ஒரு கேள்வியும்

அவர் வாழ்வின் திசையை மாற்றியது அரண்மனையில் நடந்த நிகழ்ச்சியன்று. நூலகத்தில் தோன்றிய எண்ணமும் அன்று. அவர் வீட்டு மலக்குழியே அதற்குக் காரணமாயிற்று.

மோடெனா மக்கள் நெருங்கி வாழ்ந்த ஊர். வீடுகளின் கழிவுக்குழிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆட்களை இறக்கித் துப்புரவு செய்வது அங்கு வழக்கம். ராமசினியின் வீட்டிலும் அவ்வேலை நடந்தது. குழிக்குள் இறங்கிய தொழிலாளி பேய் பிடித்தவன்போல் பதைபதைத்து வேலை செய்வதை அவர் கண்டார். மெதுவாகச் செய்தால் களைப்புத் தெரியாதே, ஏன் இவ்வளவு அவசரம் என்று இரக்கத்தோடு வினவினார். அம்மனிதன் தலை நிமிர்ந்து பார்த்தான். இக்குழியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் என்ன ஆகும் என்பது இறங்கிப் பார்த்தவனுக்கே தெரியும் என்றும், கண் குருடாவதற்கு அது சமம் என்றும் கூறினான்.

வேலை முடிந்து அவன் மேலே ஏறி வந்ததும் ராமசினி அவன் கண்களை ஆராய்ந்தார். அவை சிவந்து மங்கியிருந்தன. இதற்கு என்ன மருந்து செய்வீர்கள் என்று கேட்டார். வீட்டுக்குப் போய் ஓர் இருட்டறையில் அடைந்து கிடப்பதும், வெதுவெதுப்பான நீரில் கண்ணைக் கழுவுவதுமே தாங்கள் அறிந்த மருத்துவம் என்றான் அவன். அதன்பின் ராமசினி நகரில் அத்தொழில் செய்தோரைக் கவனிக்கலானார். பார்வை பாதி போனவரும் முழுதும் போய்த் தெருவில் பிச்சை எடுப்பவரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் இடுப்பில் முடிந்திருந்த செப்புக் காசும் வெள்ளிக் காசும்கூடக் கறுத்துப் போயிருந்தன.

குழிக்குள்ளிருந்து எழும் ஏதோ ஒரு கொடிய ஆவியே கண்ணையும் காசையும் ஒருங்கே தாக்குகிறது என அவர் முடிவு செய்தார். அந்த ஆவிக்குப் பெயர் சொல்ல அன்றைய வேதியியலால் இயலவில்லை. இன்று நாம் அதை ஹைட்ரஜன் சல்பைடு என்கிறோம். சிறிதளவு இருந்தால் கண்ணை எரிக்கும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மழுங்கடித்து, ஆபத்து நீங்கிவிட்டது என்று ஏமாற்றி, ஓரிரு மூச்சில் ஆளை வீழ்த்தும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அதே குழியில் மாள்வது இதனாலேதான்.

பட்டறை பட்டறையாக

அன்று தொடங்கிய பயணம் பல ஆண்டுகள் நீடித்தது. குயவர் சக்கரத்தின் பக்கத்திலும், கருமான் உலைக்களத்திலும், தோல் ஊறும் தொட்டிகளின் ஓரத்திலும், நெசவுத் தறியின் அருகிலும் அந்தப் பேராசிரியரைக் காண முடிந்தது. தாழ்ந்த இடம் என்று கருதப்பட்ட பட்டறைகளுக்குள் நுழைந்து இயந்திரக் கலைகளின் இரகசியங்களைக் கற்பதில் தமக்கு வெட்கமில்லை என்று அவர் கருதினார். ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்குப் போகும் மருத்துவர் நாடியைப் பிடித்துவிட்டு நின்றவாறே மருந்தெழுதி ஓடக் கூடாது என்பது அவர் கொள்கை. அங்கே கிடக்கும் முக்காலிப் பலகையையே பொன் நாற்காலியாக மதித்து அமர்ந்து, முகமலர்ச்சியோடு விசாரிக்க வேண்டும் என அவர் அறிவுறுத்தினார்.

என்ன விசாரிப்பது? கிரேக்க மருத்துவ மேதை இப்போகிரேட்டசு நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வகுத்திருந்தார். நம் வள்ளுவரும் மருந்து என்ற அதிகாரத்தில், நோயின் மூலத்தை ஆராய வேண்டும் என்றும், நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து மருத்துவம் செய்ய வேண்டும் என்றும் கூறியுள்ளார். ராமசினி பழைய கேள்விகளோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தார். நீர் என்ன தொழில் செய்கிறீர் என்பதே அது. கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆயினும் மருத்துவ வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை. நோயாளியின் உடம்பை மட்டும் பார்த்துவந்த மருத்துவம், அந்த உடம்பு பகலெல்லாம் எங்கே நிற்கிறது, எதைச் சுவாசிக்கிறது, எதைச் சுமக்கிறது என்று பார்க்கத் தொடங்கியது அக்கேள்வியால்தான்.

1700-ஆம் ஆண்டு வெளிவந்த நூல்

இவ்வாறு திரட்டிய செய்திகளைத் தொழிலாளரின் நோய்கள் என்னும் பொருள்படும் தலைப்பில் இலத்தீன் மொழியில் நூலாக எழுதி 1700-ஆம் ஆண்டு மோடெனாவில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் அந்நூலில் இடம்பெற்றன. 1713-ஆம் ஆண்டு வெளியான இரண்டாம் பதிப்பில் மேலும் பன்னிரண்டு இயல்களைச் சேர்த்தார். 1705-ஆம் ஆண்டிலேயே அந்நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது என்றால் அதன் சிறப்பை நாம் உணரலாம்.

தொழிலால் வரும் நோய்களுக்கு இரு பெருங் காரணங்களை அவர் வகுத்தார். ஒன்று, கையாளும் பொருளிலிருந்து எழும் நச்சுத் தூசியும் ஆவியும். மற்றொன்று, உடலின் இயல்புக்கு மாறான அசைவும் இருக்கையும். இந்த இரண்டு கோடுகளுக்குள் பெரும்பாலான தொழில் நோய்கள் இன்றும் அடங்கிவிடுகின்றன.

முதல் வகைக்கு அவர் காட்டிய சான்றுகள் பல. பொன்முலாம் பூசுவோர் பாதரச ஆவியால் கை நடுங்கிப் பல் இழந்தனர். மண்பாண்டத்துக்குப் பளபளப்பு ஏற்ற ஈயத்தைக் குழைத்த குயவர்களுக்கு முதலில் கை நடுக்கமும் பிறகு முடக்கமும் வந்தன. மாவு சலிப்போரும் ரொட்டி சுடுவோரும் மூச்சிரைப்பால் வருந்தினர். தோல் பதனிடுவோர் முகம் வெளுத்து உடல் ஊதிக் காணப்பட்டனர். கல் தச்சர்கள் உளியிலிருந்து தெறிக்கும் நுண் துகள்களைச் சுவாசித்து இருமினர். இறந்த கல் தச்சர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது நுரையீரலில் மணல் நிறைந்திருந்ததாக மற்றொரு மருத்துவர் எழுதியதையும் அவர் எடுத்துக்காட்டினார். இன்று சிலிக்கோசிஸ் என வழங்கும் நோய் இதுவே. சிலிக்காத் துகள் தங்கிய நுரையீரலில் காசநோய் எளிதில் குடிபுகும் என்பதையும் பிற்கால மருத்துவம் உறுதி செய்தது. எங்கள் தெருப் பெரியவரின் இருமலுக்கு விடை அந்தப் பழைய நூலின் கல் தச்சர் இயலில் இருந்தது என்பதை நான் படித்தறிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இரண்டாம் வகைக்கும் சான்றுகள் குறைவல்ல. நாள் முழுதும் நிற்பவருக்குக் காலில் நரம்பு சுருண்டு புடைத்தது. வெனிஸ் நகரில் செம்பு தட்டுவோர் வாழ்ந்த பகுதியில், ஓயாத சம்மட்டி ஓசையால் கன்னார்கள் செவிடாயினர். எழுத்தர்களைப் பற்றி அவர் கூறியது நம் கவனத்துக்குரியது. ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கை ஒரே திசையில் இடைவிடாது அசைதல், பிழை நேராதபடி மனத்தை இறுக்கி வைத்திருத்தல் ஆகிய மூன்றும் அவர்களை வாட்டுகின்றன என்றார். ஆவணம் எழுதிப் பிழைத்த ஒருவருக்கு வலக்கை வலுவிழந்தது. அவர் முயன்று இடக்கையால் எழுதப் பழகினார். சில நாளில் இடக்கைக்கும் அதே கதி வந்தது. தரமணியிலும் பெருங்குடியிலும் கணிப்பொறியின் முன் அமர்ந்து மணிக்கட்டு வலியோடு வீடு திரும்பும் நம் அண்ணன்மாரும் அக்காமாரும் அந்த எழுத்தரின் வழித்தோன்றல்களே.

இறுதி ஆண்டுகள்

நூல் வெளிவந்த அதே 1700-ஆம் ஆண்டு, புகழ்பெற்ற பதுவா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. புகழ் வளர்ந்தது, உடல் தளர்ந்தது. தலைவலியும் நெஞ்சுப் படபடப்பும் அவரை வருத்தின. எத்தனையோ தொழிலாளரின் கண்களை ஆராய்ந்தவரின் கண்ணொளி மெல்ல மெல்ல மங்கியது. கற்றோரும் ஒருவகைத் தொழிலாளரே என்று கருதி, ஓயாமல் படிப்போருக்கு வரும் நோய்களுக்கும் தம் நூலில் ஓர் இயல் ஒதுக்கியவர் அவர். அவ்வியலுக்கு அவரே சான்றானார். ஆயினும் வகுப்பறையை அவர் விடவில்லை. 1714-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், எண்பத்தோராம் வயதில், மூளையில் ஏற்பட்ட தாக்குதலால் பதுவாவில் உயிர் நீத்தார்.

நிறையும் குறையும்

பெரியோரைப் போற்றும்போது அவர்தம் குறைகளை மறைப்பது அழகன்று. ராமசினியும் தம் காலத்தின் மனிதரே. நோய்க்கு இரத்தம் வடித்தலும் பேதி கொடுத்தலும் அவர் கையாண்ட முறைகள். நுண்ணுயிரை அவர் அறியார். தொழிலையே மாற்றியமைக்கும் வலிமையும் அவரிடம் இல்லை. முகத்தை மெல்லிய தோற்பையால் மூடுதல், காற்றோட்டம் அமைத்தல், வேலை முடிந்ததும் குளித்து ஆடை மாற்றுதல், இடையிடையே ஓய்வு கொள்ளுதல் ஆகியனவே அவர் கூற முடிந்த காப்பு வழிகள். நோய் முற்றியவரைத் தொழிலை விடச் சொல்வார். ஆனால் கூலி நின்றால் குடும்பம் பட்டினி கிடக்கும் என்பதையும், ஆகையால் தொழிலாளி விரைந்து குணமாகவே துடிக்கிறான் என்பதையும் அவர் அறிந்திருந்தார். உழைப்பால் நகரங்களை வாழவைப்போரின் உடல்நலத்துக்குக் கைம்மாறு செய்ய மருத்துவம் கடமைப்பட்டுள்ளது என்ற அவருடைய நன்றியுணர்வே அந்நூலின் உயிர்.

நம் நாட்டு நிலை

மருத்துவர் கேட்ட கேள்வியைச் சட்டம் கேட்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ஆம் ஆண்டு பிறந்தது. சென்னையில் பஞ்சாலைத் தொழிலாளரின் நீண்ட வேலை நேரமும் குறுகிய உணவு இடைவேளையும் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றக் காரணமாயின. அச்சங்கத்துக்குத் தோள் கொடுத்த திரு.வி.க., செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1923-ஆம் ஆண்டு வேலையில் காயமுற்றோருக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் வந்தது. விடுதலைக்குப்பின் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் வந்தன. அந்தத் தொழிற்சாலைச் சட்டம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் ஒன்றை இணைத்திருந்தது. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, சிலிக்கோசிஸ், குரோமியப் புண் ஆகியவை அதில் இருந்தன. பல்லாவரத்துக் கல்லும் குரோம்பேட்டைத் தோலும் மட்டுமன்று, ராமசினியின் குயவரும் முலாம் பூசுவோரும் அப்பட்டியலில் இருந்தனர் எனலாம்.

இருப்பினும், கல்குவாரியில் நாட்கூலிக்கு ஜல்லி உடைத்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருந்தது? பதிவில் இல்லாதவனின் நோயை எந்தப் பட்டியல் காட்டும்? குரோமிய உப்பு விரலில் குழிப்புண் ஆக்கும். மூக்கின் நடுத்தண்டையே துளைக்கும். அத்தகைய கையோடு ஒருவர் மருத்துவரிடம் போனால் சொறி மருந்து கிடைக்கும். தொழிலைக் கேட்டால்தான் உண்மை கிடைக்கும்.

எல்லாவற்றினும் வேதனையானது மலக்குழி. ராமசினி எந்தக் குழியின் அருகில் நின்று கேள்வி கேட்டாரோ அந்தக் குழி இன்னும் மூடப்படவில்லை. நம் புறநகர்கள் ஏரியையும் வயலையும் விழுங்கி வேகமாக வளர்ந்தன. பாதாளச் சாக்கடை வருமுன்னரே வீடுகள் வந்தன. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் வந்தது. அதில் மனிதன் இறங்கும் தொழிலோ, நம் நாட்டில் பிறப்பைக் காட்டிச் சில சாதியார் தலையில் மட்டும் சுமத்தப்பட்டது. மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதைத் தடை செய்து 2013-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டு அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது. இறப்போ நின்றபாடில்லை. நச்சுவாயு தாக்கி இருவர் சாவு என்ற நான்கு வரிச் செய்தியை நாளேட்டின் மூலையில் படித்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

முடிவுரை

ராமசினி புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் கண்டது ஒரு கேள்வி. தம் வீட்டு வேலைக்கு வந்த மனிதனைக் குனிந்து பார்த்தார். அவன் சொன்ன விடையைப் பேராசிரியர்களின் நூல்களுக்குச் சமமாக மதித்து எழுதி வைத்தார். அவருடைய பெருமை அதுவே.

அக்கேள்வி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் தொழிலாளரின் பிள்ளைகள். தந்தை லேத்துப் பட்டறையிலும், அன்னை தையல் கூடத்திலும், அண்ணன் கட்டடச் சாரத்தின் மீதும் நிற்பதால்தான் நாம் இங்கே அமர்ந்து படிக்கிறோம். அவர்கள் மாலையில் வீடு திரும்பும்போது கையை, கண்ணை, இருமலை ஒருமுறை கவனிப்போம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது அவர் கேளாவிட்டாலும் தொழில் இன்னது என்று நாமே எடுத்துச் சொல்வோம். நம் வீட்டுக் கழிவுத்தொட்டிக்கு ஆளை இறக்காமல் இயந்திர வண்டியை அழைக்க வேண்டும் என்று வீட்டிலும் தெருவிலும் பிடிவாதம் பிடிப்போம்.

நாளை நம்முள் ஒருவர் அதிகாரியாகலாம், ஒருவர் ஆசிரியராகலாம், ஒருவர் பட்டறை முதலாளியாகவும் ஆகலாம். எங்கிருந்தாலும் எதிரே நிற்கும் மனிதரிடம் அவர் தொழிலைக் கேட்டு, அதனால் அவர் உடல் படும் பாட்டையும் கேட்கும் பழக்கம் நமக்கு வருமானால், எங்கள் தெருப் பெரியவரின் மருந்துச் சீட்டில் விடுபட்டுப்போன அந்த ஒரு வரி இனி வருவோர்க்கேனும் எழுதப்படும்.